வெள்ளிக்கிழமை மீனும் லோர்னாவும்

லோர்னா ஷிமான்ஸ்கி முன்பு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். தன் வீட்டு நிலவறையின் தரை வடிகால் அடைப்பைத் தானே எடுத்த அன்று, இதுதான் தன் தொழில் என்று பேருந்து வேலையை விட்டாள். அடைப்பு என்றாலே அவளுக்கு உற்சாகம்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மதுக்கடையின் சமையலறை வடிகால் அடைத்துக்கொண்டது. கணுக்கால் வரை தண்ணீர். வெளியே, வெள்ளிதோறும் நாங்கள் போடும் பொரித்த மீனுக்காகப் பனியில் வரிசை நீண்டது. தரை காயாமல் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்ற முடியாது. லோர்னா அடைப்பெடுக்கும் கம்பிச்சுருளோடு ஓடிவந்தாள்.

"கர்ட், மீன் முக்கின மாவை இதுலயா ஊத்தின?"

"ஊத்தி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணியும் விட்டேனே!" என்றார் முதலாளி பெருமையாக.

"அடப்பாவி! மாவு உள்ளயே வெந்துடுச்சு. குழாய்க்குள்ள களி கிண்டி வச்சிருக்கய்யா!"

கம்பியை இறக்கிச் சுழற்றினாள். தண்ணீர் அசைந்தது, சுழித்தது, பெரிய ஏப்பத்தோடு இறங்கியது. நாங்கள் கத்தினோம்.

"இனிமே மிச்ச மாவு குப்பைத்தொட்டிக்கு. வடிகாலுக்கு ஒரு சல்லடை போடு."

"சரி தாயே! முதல் தட்டு உனக்குத்தான்."

லோர்னா அதற்குள் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கூவினாள்: "மீன் உண்டு!"

வரிசை ஆர்ப்பரித்தது.