சீலைத் துண்டால் அளந்த கிணறு

சனத்தைக் கூப்பிட்டு நிலத்தில் படம் கீற வைத்து, அதைப் பார்த்து ஊரைத் திட்டமிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிறவர்களைத் தூரத்தில் கண்டாலே சனத்துக்கு அடுப்பில் ஏதோ எரிகிற ஞாபகம் வந்துவிடும். நீங்களும் வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் என்றால் நான் மேலே சொல்லத் தேவையில்லை. என்றாலும் சொல்லுகிறேன்.

சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணக்குப் பிழைத்துவிட்டது. இன்னொருதரம் எடு என்று அம்மா சொன்னா. மாட்டேன் என்றேன். எழுத்து வடிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தொண்டு நிறுவனம் என்னை எடுத்தது. வன்னியில் விசுவமடுவுக்கு உள்ளே, காடு வெட்டி உண்டாக்கின ஒரு குடியிருப்பில் வேலை. றோட்டுப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள். காட்டுப் பக்கம் மலையகத்துத் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து அவர்களுக்கு முன்னமே வந்த குடும்பங்கள். ஒழுங்கை, சந்தை, பாலர் பள்ளி எல்லாவற்றுக்கும் சனமே இடம் சொல்ல வேண்டும். அதிலெல்லாம் சண்டை இல்லை. சண்டை கிணற்றில்தான். பொருளாதாரத் தடைக் காலம், அனுமதி எடுத்துக் கொண்டுவந்த சீமெந்து ஒரு கிணற்றுக்குத்தான் காணும். அதுவரை எல்லாரும் றோட்டடிப் பள்ளிக்கூடக் கிணற்றில் அள்ளினார்கள். புதுக் கிணறும் றோட்டுப் பக்கம் வந்தால், காட்டுப் பக்கத்துப் பெண்கள் காலம் முழுக்க நடக்க வேண்டியதுதான்.

கை போன இடம்

கடதாசிக்குத் தட்டுப்பாடு. அதனால் றோட்டுப் பக்கத்துக் கோயிலடி வெளியில் சாம்பலாலும் கரியாலும் செங்கல் தூளாலும் கீறினோம். என்னோடு வேலை செய்த சிவா அண்ணை பொறுமைசாலி. தடியைக் குடியிருப்புக் குழுத் தலைவர் அருளையா அண்ணையிடம் கொடுத்து, “இப்ப இருக்கிற இடத்தைக் கீறுங்கோ” என்றார்.

அருளையா அண்ணை குந்தியிருந்து ஆசையாகக் கீறினார். சுற்றிவர மதில், கேற், கிணற்றடியில் கமுகு, பின்னுக்கு ஒரு பிலாமரம். றோட்டுப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பக்கத்து வளவுகளையும் கீறி, வாசிகசாலையையும் வைத்துவிட்டார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பில் மதில் வைத்த வீடு ஒன்றும் கிடையாது. எல்லாம் தறப்பாள் கூரையும் ஓலைக் கிடுகும்.

“அண்ணை, இது நீங்கள் விட்டிட்டு வந்த வீடெல்லோ?” என்றேன். அவர் தடியைக் கீழே வைத்தார்.

“ஓம் பிள்ளை. இங்கத்தையை நினைச்சுத்தான் தொடங்கினனான். கை அங்கை போட்டுது.”

சேவல் பார்த்த கணக்கு

இரண்டாவது படம் சரியாக வந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அதனால் ஆளுக்கு ஒரு கௌபிப் பயறு வைக்கச் சொன்னேன். புளியங்கொட்டை வைப்போம் என்று சிவா அண்ணை சொன்னார். புளியங்கொட்டை தேட ஆருக்குப் பொறுமை? என் பையில் கௌபிதான் இருந்தது.

ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினால், பெரிய சேவல் ஒன்று படத்துக்கு நடுவில் நின்று நிதானமாகக் கொத்துகிறது. காட்டுப் பக்கம் பாதி காலி. அந்தப் பக்கத்து முத்துலட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

“எங்க வீட்டுல அஞ்சு பேரு இருந்தோம் மிஸ், இப்ப நான் ஒருத்திதான் மிச்சம். அந்தச் சேவல் தலைவரு வீட்டுதுதானே, அதையும் எழுதிக்கங்க.”

வெறும் நிலம்

பிறகு புளியங்கொட்டைதான். இந்தமுறை ஒரு குடத்துக்கு ஒரு கொட்டை: ஒரு நாளைக்கு எத்தனை குடம் சுமக்கிறார்களோ அத்தனை. கூட்டம் காலமை எட்டு மணிக்கு. றோட்டுப் பக்கம் கொட்டை குவிந்தது. காட்டுப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி.

“பார் பிள்ளை, அந்தப் பக்கம் தண்ணித் தேவை இல்லைப்போல. கிணறு கோயிலடியில வரட்டும்” என்றார் அருளையா அண்ணை. எனக்கு வாய் நிற்காது. “அவை உங்கட மிளகாய்த் தோட்டத்தில புல்லுப் பிடுங்கிக்கொண்டு நிக்கினம். இஞ்சை எப்பிடிக் கொட்டை வைப்பினம்?” என்று கேட்டுவிட்டேன். சிவா அண்ணை என் காலை மிதித்தார். அருளையா அண்ணைக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே யோசித்தார்.

“அதுவும் சரிதான். பின்னேரம் வைப்பமெண்டால் எங்கட ஆக்கள் வரமாட்டினம், செய்தி கேக்கிற நேரம். நீ றேடியோவுக்கு ஒரு வழி பார், நான் ஆக்களைக் கொண்டுவாறன்.”

மோட்டார் சைக்கிள் நின்ற இடம்

அதற்கிடையில் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெற்றோல் இல்லாத காலம்; மண்ணெண்ணெய்ப் புகை முன்னுக்கு வந்தது, மோட்டார் சைக்கிள் பின்னுக்கு வந்தது. நேரே வந்து எங்கள் படத்தின் மேல் ஏற்றி நிறுத்தினார். ஸ்ராண்டைப் போட்டு, தொப்பியைக் கழற்றி, “எங்கை நீங்கள் கீறின படம்?” என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிவா அண்ணை “சேர்… சேர்…” என்று இழுத்தார். சம்பளம் தருகிற ஆளிடம் அதற்கு மேல் எப்படிச் சொல்லுவது? முத்துலட்சுமி அக்காவுக்கு அவர் சம்பளம் தரவில்லை.

“சார், வண்டிய கொஞ்சம் தள்ளுங்க. எங்க லயத்து ஆளுக அத்தனை பேரு வீட்டு மேலயும் நிக்கிறீங்க.”

கொடியில் தொங்கினது

கடைசிக் கூட்டம் பின்னேரம். கரன்டும் கிடையாது, பற்றறியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. அருளையா அண்ணை சொன்னபடி ஆட்களைக் கொண்டுவந்தார். தோட்டத்திலிருந்து காட்டுப் பக்கத்துப் பெண்கள் மண் காலோடு வந்தார்கள்.

கொட்டை எண்ணி எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பழைய சீலைக் கரை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். படத்தில் கோயிலடியில் ஒரு செங்கல் வைத்தோம், அதுதான் கிணறு. வீட்டிலிருந்து செங்கல் வரைக்கும் பாதை வழியே சீலைக் கரையைப் பிடித்து, முட்டுகிற இடத்தில் வெட்ட வேண்டும். காணாவிட்டால் முடிச்சுப் போட்டு நீட்டலாம். வெட்டினதை எல்லாம் உடுப்புக் காயப்போடுகிற கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். றோட்டுப் பக்கத்துத் துண்டுகள் சாண் நீளத்தில் ஆடின. காட்டுப் பக்கத்துத் துண்டுகள் நிலத்தில் விழுந்து சுருண்டு கிடந்தன. முத்துலட்சுமி அக்காவின் பச்சைக் கரையில் முடிச்சுக்கு மேல் முடிச்சு.

பெடல் சுற்றினவர் சுற்றுவதை விட்டுவிட்டார். செய்தி நின்றுபோனது. எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு மட்டும் குறுக்கே பேசவில்லை.

அருளையா அண்ணை எழும்பி வந்து, செங்கல்லை எடுத்துக் காட்டுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார். பச்சைக் கரையைப் பிடித்துப் பார்த்தார். இன்னும் நகர்த்தினார். நடுவுக்கு வந்தபோது செங்கல் நின்ற இடம் அவருடைய மிளகாய்த் தோட்டத்து வேலி மூலை. அங்கே கை நின்றது. அவருடைய நல்ல நிலம் அது, எல்லாருக்கும் தெரியும். “இப்ப என்ர துண்டெல்லோ நீளுது” என்றார் மெதுவாக. பின்னால் இருந்து அவருடைய மனுசி யோகம் அக்கா எழும்பினா. இத்தனை கூட்டத்துக்கும் வந்து ஒரு வார்த்தை கதைக்காதவ.

“நீங்கள் எண்டைக்கப்பா தண்ணி அள்ளினனீங்கள்? அள்ளுறது நான். வேலி மூலையில வந்தால் எனக்கு முத்துலட்சுமியோடையாவது நாலு வார்த்தை கதைக்கலாம். கல்லை அங்கையே விடுங்கோ.”

கிணறு அங்கேதான் வெட்டினார்கள். கிணறு எங்கே வர வேண்டுமென்று படம் ஒரு நாளும் சொல்லாது, ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஆளை எழுப்பிவிடுகிற வரைக்கும் சாம்பலும் சேவலுமாக நாங்கள் அலைய வேண்டும், அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.