விலகியவருக்கு விழுந்த கைதட்டல்

போன வெள்ளிக்கிழமை ஒஃபிஸ் லஞ்ச் ரூமில் மேவ் கடுங்கோபத்தில் இருந்தார். என் பக்கத்து மேசைக்காரி. சொந்த நாடு அயர்லாந்து. சாண்ட்விச்சைக் கூடப் பிரிக்கவில்லை.

விஷயம் மேவின் அப்பா. அயர்லாந்தில் அன்று ஜனாதிபதித் தேர்தல். அப்பாவின் கட்சித் தலைவர், உள்ளே முணுமுணுத்தவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தனக்குப் பிடித்த ஒருவரை வேட்பாளராக நிறுத்தினாராம். அந்த மனிதர் பாதியிலேயே விலகிவிட்டார். பெயரோ வாக்குச்சீட்டில் அப்படியே நிற்கிறது... கட்சிக்காக வாழ்நாள் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிய அப்பா என்ன செய்தார்? நேராகப் போய், அந்த விலகிய ஆளுக்கே வாக்குப் போட்டுவிட்டு வந்தார்!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா?

இருப்பார். ஞாயிற்றுக்கிழமை கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் இருந்தார். நான்தான்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவர் செல்வம் அண்ணைக்கு ஒரு பழக்கம் — சங்கத் தேர்தலை டெலிபோனிலேயே முடித்துவிடுவார். இந்த முறையும் பத்து நாளுக்கு முன்பே எனக்கு அழைப்பு எடுத்தார்.

"தம்பி, அடுத்த தலைவருக்கு ஸ்ரௌவ்வில் பக்கத்திலை ஒரு டொக்டரைப் பிடிச்சு வைச்சிருக்கிறன். நீர் முன்மொழியும், குகன் வழிமொழிவார். பிரச்சினை இல்லாமல் முடிச்சுப்போடுவம்."

"ஓம் அண்ணை" என்றேன். வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய ஓம்.

ரஞ்சினி தலைவராக வர விரும்புகிறார் என்று எனக்குத் தெரியும். சங்க வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்பவர். கேட்கும்போதெல்லாம் செல்வம் அண்ணை, "அடுத்தமுறை பாப்பம்" என்பார். இந்த முறையும் அதே பதில் என்றால் தனிச் சங்கம் தொடங்கிவிடுவோம் என்று ரஞ்சினியின் ஆட்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். புதுச் சங்கம் தொடங்க நம்மவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் எழுந்து டொக்டரை முன்மொழிந்தேன். என்னைப் போலவே ஓம் சொல்லிப் பழகிய குகன் வழிமொழிந்தார். ஹோல் முழுக்கக் கைதட்டல்.

"டொக்டர் எங்கை?" — ரஞ்சினி கேட்டார்.

செல்வம் அண்ணை மைக்கைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அவர்... இண்டைக்குக் காலமை விலகுறன் எண்டு மெசேஜ் போட்டவர். கதைச்சுச் சரிக்கட்டலாம் எண்டு நினைச்சன்."

"அப்ப நாங்கள் இப்ப ஆருக்குக் கை தட்டினனாங்கள்?"

பின்வரிசையில் கதிரைகள் இழுபட்டன. ரஞ்சினியின் ஆட்கள் ஜாக்கெட்டை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவர்கள் அந்தக் கதவைத் தாண்டினால் சங்கம் இரண்டு.

மேவ் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அந்தக் கட்சித் தலைவர் தன் ஆட்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாராம். பதவி தப்புமா என்பது வேறு கதை...

எழுந்தேன். "நான் முன்மொழிஞ்சதை வாபஸ் வாங்கிறன். அந்த ஆளை நான் கண்டதே இல்லை. என்ரை பிழை."

"இல்லைத் தம்பி, பிழை என்ரை" என்றார் செல்வம் அண்ணை. அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "எல்லாரும் இருங்கோ. வாக்குப் போடுவம்."

நிகழ்ச்சி நிரலைக் கிழித்து வாக்குச்சீட்டு செய்தோம். தேநீரோடு சாப்பிடப் பற்றிஸ் வந்த பெட்டிதான் வாக்குப்பெட்டி. ரஞ்சினியை எதிர்த்துக் குகன் நின்றார், நாலு வாக்கில் தோற்றார். எண்ணெய் பட்ட சீட்டுகளைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி, முதல் கூட்டம் எப்ப?" என்று கேட்டார். ஜாக்கெட்டுகள் மறுபடி கதிரைகளுக்கு வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது — சிரிக்காதீர்கள்!

போட்டி வந்தால் சங்கம் உடைந்துவிடும் என்று பயந்துதானே இத்தனை காலம் டெலிபோனில் தேர்தல் நடத்தினோம்? உடைக்கப் பார்த்தது அந்த டெலிபோன்தான்.

திங்கட்கிழமை மேவிடம் சொன்னேன். இந்த முறை வாய்விட்டுச் சிரித்தது அவர்.

அன்று பின்னேரம் எங்கள் புதுத் தலைவர் ரஞ்சினியின் அழைப்பு. "அண்ணை, இனி ஆரையும் முன்மொழிய முதல், ஆள் ஹோலுக்குள்ளை நிக்கிறாரோ எண்டு ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ!"