ஜிம்பாலூரு மாமன்னரின் யானைக் கொடி

எங்கள் குடும்பத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்பதை வயது தீர்மானித்ததில்லை. ஃப்ளெக்ஸ் பேனர்தான் தீர்மானித்தது. ஜோகுபாளையத்தில் ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள் நீராட்டு என்றால் மண்டப வாசலில் பேனர் நிற்கும். விழாவுக்குரிய பிள்ளை நடுவில். பக்கத்தில் தாய்மாமன், ஆளுயரத்தில், கறுப்புக் கண்ணாடியோடு. மற்ற உறவுக்காரர்கள் கீழே வரிசை வரிசையாக, ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு. உள்ளே வருகிறவர்கள் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கள் முகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்க்காத மாதிரிதான் பார்ப்பார்கள். அதில்தான் எங்களுக்குச் சனி பிடித்தது.

ஹெப்பகோடியில் பெரியப்பா வீட்டு அக்காவுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். பேனரில் அப்பாவின் முகம் கடைசி வரிசையில், ஓரத்தில் இருந்தது. அதுவும் ஏதோ குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது; பக்கத்தில் நின்ற யாருடைய தோளோ பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு மேல் வரிசையில், பெரியப்பா குடியிருந்த வீட்டின் ஓனர் சிரித்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவன் கீழே, வாடகைக்கு விட்டவன் மேலே. அப்பா கை நனைக்காமல் எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். பந்தியில் எனக்கு வைத்திருந்த ஐஸ்கிரீமை விட்டுவிட்டு வந்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பெரியப்பாவோ, பேனர் கடைக்காரன் செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும், சாப்பிடாமல் போனது அவன்தானே என்று அதையே பிடித்துக்கொண்டார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

அவர்களுக்கு ரோஷம், எனக்கு நஷ்டம். ஏனென்றால் பெரியப்பாவின் மகனும் நானும் சேர்ந்து ஒரு ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தோம்.

ராஜ்ஜியத்தின் பெயர் ஜிம்பாலூரு. பெயர் வைத்தது அந்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் எங்கள் அரசவை கூடும். வரைபடம் போடுவது, போர் தொடுப்பது, கோட்டையை இடிப்பது எல்லாம் அவன் வேலை. கொடி இலாகா என்னுடையது. மன்னர்களை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை, வீட்டிலேயே தேவைக்கு மேல் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு, ஒரு நிறம், ஒரு விலங்கு. என் இலாகாவில் சட்டம் கறாரானது. ஒருவருடைய விலங்கை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒரே நிறம்தான், விலங்கு மட்டும் மாறலாம். மூத்தவரின் விலங்குக்குக் கிரீடம், இளையவரின் விலங்குக்கு மாலை. பள்ளியில் எங்களை ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரித்துவைத்திருந்தார்கள். அங்கிருந்துதான் இந்தப் புத்தியெல்லாம் வந்திருக்க வேண்டும்.

பெரியப்பா வடதிசை மாமன்னர். நீலத்தில் யானை. எங்கள் இருவரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். அப்பா தென்திசை மன்னர். அதே நீலத்தில் கழுகு. பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே எந்த அறையில் லைட் வீணாக எரிகிறது என்று சொல்லிவிடுவார். அம்மாவுக்கு மஞ்சளில் தேனீ. "ஏன்டி, ஒரு சிங்கம் புலி கிடைக்கலையா எனக்கு?" என்று அம்மா கேட்டாள். தேனீதான் கொட்டும் என்றேன். அவள் என் முதுகில் கொட்டினாள். அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கும் மஞ்சள்தான். குரங்கு. அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சண்டைக்குப் பிறகு அண்ணன் வருவது நின்றது. வடக்கே ஆள் இல்லை, போர் தொடுக்க எதிரி இல்லை. டேங்கில் ஒட்டியிருந்த யானைக் கொடியை எடுத்துவிடும்படி அம்மா சொன்னாள், அப்பா பார்த்தால் கோபப்படுவாராம். மன்னர் உயிரோடு இருக்கும்போது கொடியை இறக்கக் கூடாது என்று ஒரு சட்டத்தை அந்த நிமிடமே இயற்றி, அதை நான் காப்பாற்றிவிட்டேன். ஆனால் தனியாக எத்தனை நாள் ராஜ்ஜியம் நடத்துவது? சீ என்று போய்விட்டது.

அப்படி இருக்கும்போதுதான் என் தம்பிக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். மாமா ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவர். தாய்மாமனும் அவரே, பேனர் போடுகிறவரும் அவரே. கேட்க வேண்டுமா! மாமாவின் நண்பர்கள் அதற்குள்ளேயே எந்தக் கண்ணாடி, எந்தச் சட்டை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை வெச்சாச்சு. வர்றதும் வராததும் அவங்க இஷ்டம். ஆனா பேனர்ல அவங்க மூஞ்சி வேணாம்."

"சரி மாமா" என்றார் மாமா.

அப்பா அந்தப் பக்கம் போனதும் அம்மா தன் தம்பியிடம் அழாக்குறையாகச் சொன்னாள். "அவர் வருவார்டா, ஊருக்குப் பயந்தாவது வருவார். பேனரைப் பாத்துட்டு வாசல்லயே திரும்பிடுவார். அவரும் ஒரு வாட்டி கை நனைக்காம போயிட்டார்னா, அப்புறம் இந்த ஜென்மத்துக்கு ஒட்டாது." மாமா தலையைச் சொறிந்துகொண்டார். எனக்கு அப்போது ஒரே ஒரு வேண்டுதல்தான். பெரியப்பா எப்படியாவது போகட்டும், அண்ணன் வர வேண்டும்.

ஒரு சாயங்காலம் மாமா என்னை பைக்கில் வைத்துக் கடைக்குக் கூட்டிப்போனார். தம்பியின் பேனரை கம்ப்யூட்டரில் காட்டினார். கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக மாமா பாதி பேனரை அடைத்துக்கொண்டு நின்றார். அதைத்தான் அப்பா ஏற்கெனவே பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார். நானும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

"உன் ராஜ்ஜியத்துக்கும் ஒண்ணு போட்டுறலாமா?" என்றார் மாமா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை சார்ட் பேப்பரையும் ஸ்கெட்ச் பேனாவையும் விட்டால் வேறு கதி இல்லாத இலாகா அது. நான் வரைந்த விலங்குகளை எல்லாம் மாமா ஸ்கேன் செய்து ஏற்றினார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் உத்தரவு போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோருடைய போட்டோவும் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு முகமாக எடுத்துக் கேட்டார்.

"பெரியப்பாவை எங்க வெக்கிறது?"

"மேல, நடுவுல. அவர்தான மூத்தவரு? யானைக்குக் கிரீடம் வெக்கணும்."

"உங்கப்பா?"

"பக்கத்துல. அதே ப்ளூ."

"அப்போ நானு?"

"நீ குட்டி ராஜா மாமா. கீழ, மூலையில."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்துக்கொண்டே தன்னை மூலையில் போய் வைத்தார். தம்பிக்கு மட்டும் வம்பு வந்தது. அவன் இளவரசன் என்பதால் கோழிக்குஞ்சு போதும் என்றேன். மாமா கெஞ்சிக் கூத்தாடி அதைச் சேவலாக்கினார். கொடி டேங்கில் ஒட்டுகிற அளவுக்கு இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காதுகுத்து அன்று, மண்டபத்தில் ஜனம் சேர ஆரம்பித்த பிறகும் பேனரைக் காணோம். அப்பா போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். மாமா கடைசி நேரத்தில் பைக்கில் சுருளோடு வந்து இறங்கினார். அவருடைய நண்பர்கள் சவுக்குக் கம்பில் ஏறி ஒரு முனையைக் கட்டினார்கள். சுருள் விரிந்தது. மேலே நீல வானம் மாதிரி ஒரு பட்டை. நடுவில் கிரீடம் வைத்த யானை. யானைக்குப் பக்கத்தில் பெரியப்பா. 'ஜிம்பாலூரு வடதிசை மாமன்னர்' என்று கொட்டை எழுத்து. டேங்கில் ஒட்டக் கேட்ட கொடி மண்டப வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. நான் குதித்தேன். வேறு யாரும் குதிக்கவில்லை.

"டேய், இன்னாடா இது?" என்றார் அப்பா.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ மாமா! ஃபைல் மாறிப் போச்சு! பாப்பாவோட விளையாட்டு ஃபைலை பிரிண்ட் போட்டுட்டேன் போலக்குதே!"

"கழட்டுடா!"

"கழட்டினா வெறும் கம்புதான் மாமா நிக்கும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடையும் லீவு."

மண்டபத்து மேனேஜர் கன்னடக்காரர். அண்ணாந்து பார்த்துவிட்டு, "சென்னாகிதே சார், நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும் விடுங்க" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சமாதானம் சொன்னார். அப்பா மாமாவை அடிக்கப் போய்விட்டார். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரியம்மா, அக்கா, அண்ணன், கடைசியாகப் பெரியப்பா. தலையைக் காட்டிவிட்டு உடனே கிளம்புகிற முகத்தோடுதான் வந்தார். ஆட்டோவைக்கூட அனுப்பவில்லை, நிற்கச் சொன்னார்.

உள்ளே வருகிற எல்லோரையும் போல அவர் கண்ணும் பேனருக்குப் போனது. கடைசி வரிசையிலிருந்து தேட ஆரம்பித்தார். கீழே இல்லை. அதற்கு மேல் வரிசையிலும் இல்லை. அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார்.

அப்பா வாயைத் திறந்து 'இது தப்பாக வந்த பேனர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அப்பா வாயைத் திறக்கவும் செய்தார்.

பெரியப்பா முந்திக்கொண்டார். "யானையாடா நானு?"

அப்பா பேனரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். சுற்றிலும் உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கம்பைக் கெட்டியாகப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்ன? நீதானண்ணா பெரியவன்" என்றார் அப்பா.

"உனக்குக் கழுகு மூக்கு கரெக்டா இருக்குடா" என்றார் பெரியப்பா. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையை மட்டும் அல்ல. பிறகு ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டுக் கேட்டார். "பசிக்குதுடா. டிபன் இன்னா போட்டுருக்கீங்க?"

அம்மா அழுதுகொண்டே பந்திக்கு ஓடினாள். அவர் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல, இலையில் கேசரியை அள்ளி அள்ளி வைத்தாள். நான் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். நின்றுபோன போரை அங்கேயே தொடங்கினோம். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இன்றுவரை எனக்கு வேறொன்று கிடைத்ததில்லை.

தம்பி மாமாவின் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக் காது குத்திக்கொண்டான். மாமாவின் நண்பர்கள் பேனரைக் காட்டி, "தாய்மாமன் எங்கடா? ஓ, அந்தக் குரங்கா!" என்று சாயங்காலம் வரைக்கும் ஓட்டினார்கள். எங்கள் தெருவில் எந்தத் தாய்மாமனும் அப்படி மூலையில் நின்றதில்லை. அவருக்கு இருந்ததோ ஒரே ஒரு அக்கா, அவளுக்கு ஒரே ஒரு மகன். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு எந்த விசேஷம் வந்தாலும், "ஃபைலைச் சரியா பார்த்துப் போடுடா" என்று அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே அவரைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு மாமா மேல் இரக்கமாகக்கூட இருந்தது. "பரவால்ல மாமா, அடுத்த வாட்டி பாத்துப் பண்ணு" என்று புத்தி சொன்னேன். "சரிம்மா" என்று அடக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

மழைக்காலம் வந்ததும் அந்த ஃப்ளெக்ஸை மொட்டை மாடியில் கூரையாகக் கட்டினோம். மதிய நேரங்களில் அதன் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படிப்பேன். மன்னர்களுக்கும் விலங்குகளுக்கும் கீழே, ஓரத்தில் ஒரு வரி இருந்தது. 'காதணி விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்.' அதற்கு அடியில் மண்டபத்தின் பெயர், நாள், முகூர்த்த நேரம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அப்படி ஒரு வரியைச் சொன்னதே இல்லை. விளையாட்டு ஃபைலுக்குள் அது எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.