கன்மேன் வீட்டுப் பின்கதவு

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. பச்சை பெயின்ட் அடித்தது. ஒரு கொக்கி மட்டும் உண்டு, அதையும் வெளியே இருந்து கைவிட்டு எடுத்துவிடலாம். பூட்டு மாட்ட வளையம் வைக்கட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்று சொன்னவர் என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா. திருத்தணியில் எங்கள் தெருவிலேயே லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருந்தது அவர் ஒருவர்தான். 'கன்மேன் வீடு' என்றால் ஆட்டோக்காரர்கள் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அந்த வீட்டில் பூட்டில்லாத ஒரு கதவு இருப்பதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே அந்தக் கதவு வந்த கதையைச் சொல்வேன்.

நைனா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு அரக்கோணத்தில் ஒரு வங்கியில் கன்மேன் வேலை. இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காக்கி உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு காலை ரயிலுக்குப் போவார். வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் துப்பாக்கியைத் துடைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். தோட்டாக்கள் வேறு அறையில், ஹார்லிக்ஸ் பாட்டிலில். தேர்தல் வந்தால் சொல்வதற்கு முன்பே கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். ராணுவத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. காவலில் நிற்பவன் இருட்டில் ஆள் அரவம் கேட்டால் "நில், யாரது?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவதற்கும் பதில் வராவிட்டால் சுடலாம். பால்காரர், கேபிள்காரர், என்னைப் பெண் பார்க்க வந்த என் மாமியார் உட்பட யாரும் அந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்.

அந்தக் கதவு வந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்துவிட்டார்கள். திருவிழா என்றால் தெருவே மலைக்குப் போய்விடும். அன்றைக்கு மட்டும் நைனா துப்பாக்கியோடு தெருமுனையில் உட்கார வேண்டும் என்று நாலு பேர் வந்து கேட்டார்கள். "அதுக்கு லைசென்ஸ் குடுக்கலங்க. உசுருக்கு ஆபத்துன்னாதான் இத எடுக்கணும். அதுவும் வேற வழியே இல்லன்னா. ஓடறவன் முதுகுல சுட்டா அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், நான் உள்ள போவேன்" என்றார். "அப்போ இன்னாத்துக்குங்க அத்தச் சொமந்துகினு திரியறீங்க?" என்று ஒருவர் கேட்டே விட்டார். பக்கத்தில் நின்ற என் அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்பன் சுடத் தெரியாத கன்மேன் என்று தெருவில் பேச்சாகிவிடும் என்பது அவன் கவலை.

கிருத்திகை அன்று மதியம் வீட்டில் நைனா, அண்ணன், நான், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த என் மகள் மட்டும். அம்மா மலைக்குப் போயிருந்தாள். பின்பக்கச் சந்தில் காவடிக் கூட்டத்தின் அரோகரா சத்தம் ஓயவே இல்லை. தோட்டத்துக் கொடியில் மகளின் மஞ்சள் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று பின்சுவரை எட்டிப் பிடித்து ஒரு ஆள் உள்ளே குதித்தான். மொட்டைத் தலை, மேலெல்லாம் சந்தனம், கையில் கூராக ஏதோ ஓர் இரும்பு. நான் அலறிய அலறலில் நைனா பீரோவைத் திறந்ததும் தோட்டா போட்டதும் எப்போது என்றே தெரியவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார். துப்பாக்கி தரையைப் பார்த்திருந்தது. "கொயந்தயத் தூக்கிக்கோ. கதவு மேல கைய வெச்சிகினு நில்லு. நான் சொன்னா சாத்து" என்றார். மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறைக் கதவைப் பிடித்தேன்.

"நில், யாரது?" பதில் இல்லை. இரண்டாவது முறை கேட்டார். அந்த ஆள் தலையை ஆட்டினான், பேசவில்லை, ஒரு அடி முன்னால் வைத்தான். மூன்றாவது முறை தெலுங்கில் கேட்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை. "நைனா, கையில இரும்பு வெச்சிகினு கீறான்! சுடு நைனா!" என்று அண்ணன் கத்தினான். நைனாவின் முதுகை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. சுட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாலாவது முறையாக, கோபமே இல்லாத குரலில், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போல, "யாருப்பா நீ?" என்றார்.

அந்த ஆள் முகத்தை நிமிர்த்தினான். வெயில் பட்டு வாயருகே ஏதோ பளிச்சென்றது. ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவந்திருந்த அலகு. வாயைப் பூட்டிக்கொண்டு மலையேற வேண்டுதல் வைத்தவன் எப்படிப் பதில் சொல்லுவான்? கையில் இருந்தது வேல். அவன் ஓடிப்போய்க் கொடியிலிருந்த மஞ்சள் பாவாடையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு இடுப்புயரத்துக்குக் கையைக் காட்டினான். கூட்டத்தில் பெண் குழந்தையைத் தொலைத்துவிட்டு, சந்திலிருந்து சுவருக்கு மேலே தெரிந்த மஞ்சளைப் பார்த்துக் குதித்திருக்கிறான். கிருத்திகை அன்று திருத்தணியில் மஞ்சள் உடுத்தாத பிள்ளை எது? பாவாடையை முகத்தருகே பார்த்ததும் தன் மகளுடையது இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதான். சொல்லிவிடவேண்டும் என்று அலகைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனான். "எடுக்காத, எடுக்காதப்பா. புரிஞ்சிபோச்சு" என்று நைனா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அவசரத்திலும் தோட்டாக்களை வெளியே எடுத்து, துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அவனை ஏற்றிக்கொண்டு போக வண்டியை எடுத்தார். அண்ணன் பல்லைக் கடித்தான். சரவணப்பொய்கைப் பக்கம் போலீஸ் பந்தலில் அந்தக் குழந்தை பன் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்ததாம். காலையில்தான் அதற்கும் மொட்டை போட்டிருந்ததால், பெற்ற அப்பனே ஒரு நிமிஷம் தடுமாறிப் போனானாம். பந்தலில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுட்டிருந்தா கோர்ட்ல மொதக் கேள்வியே, கதவு இருந்துச்சே, ஏன் சாத்திக்கலன்னுதான் கேப்பாங்க" என்றாராம். சாயங்காலம் அண்ணன் விடவில்லை. பதில் சொல்லாதவனைச் சுடலாம் என்று நீதானே சொன்னாய் என்று மல்லுக்கு நின்றான். "அங்க மூணு தடவடா. அது எல்லை. இது வூடு. வூட்ல எத்தினி தடவ வேணாலும் கேக்கலாம்" என்றார் நைனா. என் மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு மனிதன் செத்து விழாமல் போனதற்காக நான் அன்றைக்கு அழுத அழுகையை இப்போதும் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கலாம் என்றான் அண்ணன். நைனா ஆளைக் கூப்பிட்டுச் சுவரை இடித்து அந்தப் பச்சைக் கதவை வைத்தார். அவசரத்துக்கு வருகிறவன் திருடன் மாதிரி குதிக்கக் கூடாது, கதவு வழியாக வரட்டும் என்பது அவர் நியாயம். நகரிப் பக்கத்துக்காரரான அந்த மனிதர் வருஷா வருஷம் கிருத்திகைக்கு மகளோடு அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார். வெளியே வந்து நிற்பார். உள்ளே இருந்து நைனா முறைப்பாக "நில், யாரது?" என்பார். மூன்று முறையும் அவர் பதில் சொல்லுவார், "நேனேனய்யா, நான்தான்யா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி. அன்றைக்குச் சொல்ல முடியாததைச் சேர்த்துவைத்துச் சொல்வது போல இருக்கும். பிறகு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இருமுவார்கள்.

நைனா போன தையில் போய்விட்டார். துப்பாக்கியை அண்ணன் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தான். லைசென்ஸ் தன் பெயருக்குக் கேட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் இருக்கிற எங்களுக்காகப் பின்பக்கம் ஒரு கேமரா மட்டும் வைத்துக் கொடுத்தான். அது ராத்திரி பகல் என்றில்லாமல் பூட்டில்லாத கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆடிக் கிருத்திகைக்கும் அந்த நகரிக்காரர் வந்தார். கல்லூரிக்குப் போகிற மகள் பக்கத்தில். கொக்கியைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. உள்ளே வாங்க என்றேன். அசையவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. சமையலறை வாசலுக்குப் போய், நைனா நின்ற இடத்தில் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்:

"நில், யாரது?"

"நேனேனம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை பாக்கி இருந்தது. என்னால் கேட்க முடியவில்லை. போய்க் கதவைத் திறந்தேன்.