குருணை மருந்து போட்ட கறுப்பு ரோஜா

ரோஜாச் செடி விற்கிற தொழிலில், செடியை விற்று முடித்த பிறகுதான் பயம் ஆரம்பிக்கும். ஆம்பூர் ஷாஹீனா அக்காவுக்கு எங்கள் கடையில் மூன்று தொட்டி ரோஜா விற்றோம். "இந்தப் பூவைச் சாப்பிடலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் அவர் வாங்கினார். "தாராளமா சாப்பிடலாம்மா" என்று சொல்லிக் கொடுத்தார் எங்கள் முதலாளி. அந்தத் தொட்டிகளில் பூச்சிக்கொல்லிக் குருணையை அள்ளிப் போட்டதும் அதே முதலாளிதான். இது அநியாயம் இல்லை என்று யாராவது சொன்னால் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். எனக்கு நேரம் இருக்கிறது.

நான் வேலூரில் தாவரவியல் எம்.எஸ்சி. படிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பைபாஸ் ரோட்டு நர்சரி ஒன்றில் வேலை. பழைய காலத்து ரோஜா ரகங்கள், அதிலும் இருண்ட நிறத்தில் பூப்பவை, என் பொறுப்பு. வருகிறவர்கள் அதைக் கறுப்பு ரோஜா என்பார்கள். கறுப்பில்லை, நாவல் பழத்தை நசுக்கினால் வருகிற சிவப்பு என்று நான் திருத்துவேன். ஒருவர்கூடக் கேட்டதில்லை. மொட்டை மாடியில் ரோஜா வைத்து, அது சித்திரை வெயிலில் கருகுவதைப் பார்த்து வயிறு எரிந்த என் இனத்தவர்களே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பூவை வாயில் வைக்காதீர்கள்.

சாயம் போன பூ

பாஸ்கர் அண்ணனுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை. தோலுக்கு நிறம் கலந்து கொடுப்பவர். மார்கழியில் செடி வாங்கினார். பங்குனியில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். மற்றவர்களைப்போலக் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டை எடுத்தார். மார்கழியில் பூத்த பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே நிறத்தைக் கலந்து அடித்து வைத்திருந்தாராம். இப்போது பூத்திருந்த பூவை அதன்மேல் வைத்துக் காட்டினார். தோல் ஒயின் நிறம். பூ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுகிற ரிப்பன் நிறம்.

காரணத்தை விளக்கினேன். இந்த நிறம் இரவுக் குளிரில் ஊறி ஏறுவது. வேலூரில் குளிர் தை மாதத்தோடு மூட்டை கட்டிவிடும். சூட்டில் மொட்டு அவசர அவசரமாக விரிகிறது, நிறம் ஏற நேரமில்லை. தப்பித் தவறி இருட்டாகவே பூத்தாலும் மதிய வெயில் பட்டால் இதழோரம் தீய்ந்துவிடும். உச்சி சாய்ந்த பிறகு நிழல் கொடுங்கள், அடுத்த மார்கழியில் பழைய நிறம் வரும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தோல் துண்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிம்மா. நான் வெளுத்த சரக்க அனுப்பிட்டு, சரக்கு வாங்கற பையர் கிட்ட 'மார்கழி வரைக்கும் பொறு, தானா கறுக்கும்'னு சொன்னா என்ன உயிரோட வுடுவானா?"

மலைக்குப் போன செடி

ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ஒரு ரயில்வேக்காரர் வீட்டு அக்கா வாங்கியது வேறு ரகம். குளிர்காலம் என்று ஒன்று வந்து உடம்பில் உறைத்தால்தான் அது மொட்டே வைக்கும். அதைச் சமவெளிக்காரர்களுக்கு விற்காதீர்கள் என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். விற்றார். வருஷம் முழுக்க இலை, இலை, இலை. அந்த அக்காவின் நம்பர் ஒளிர்ந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

நல்ல வேளையாக அவர் வீட்டுக்காரருக்கு நீலகிரிப் பக்கம் மாற்றல் வந்தது. சாமானோடு தொட்டியும் லாரி ஏறியது. அங்கே அடுத்த பருவத்திலேயே செடி முழுக்கப் பூ, ஒவ்வொன்றும் கன்னங்கரேல். என்ன மருந்து அடித்தார் என்று கேட்கச் சொன்னார் முதலாளி. மருந்தே இல்லையாம். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி விழுந்தால் கிள்ளிப் போடுவாராம், அவ்வளவுதான். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: "மலைக்கு வந்து நாங்க எல்லாரும் வெளுத்துட்டோம், உன் செடி மட்டும்தான் கறுத்துப்போச்சு."

குருணை

கீழே நம் ஊரில் கதை வேறு. மாசி பிறந்தால் இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்துவிடும். அதன் பின்னாலேயே செஞ்சிலந்தி. மலை நர்சரியில் குளுகுளுவென்று வளர்ந்து எங்கள் கடைக்கு வருகிற செடி லாரியை விட்டு இறங்கியதும் மிரண்டுபோய் நிற்கும், பூச்சிக்கு அதுவே விருந்துக்கு அழைப்பு. முதலாளி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தொட்டிக்கு ஒரு கைப்பிடி குருணை மருந்து. நீர் ஊற்ற ஊற்றக் கரைந்து வேர் வழியாக ஏறும். தண்டு, இலை, இதழ் என்று ஓரிடம் விடாமல் போய் உட்காரும். கடித்த பூச்சி செத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாசனைகூட மாறாது. எனக்குத் தூக்கம் போனது அதனால்தான். இந்தப் பழைய ரகங்களின் வாசனை, முகர்ந்தவரைச் சும்மா விடாது. கிள்ளி வாயில் போடச் சொல்லும்.

கலவை ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் கண்ணெதிரிலேயே அப்படிப் போட்டு மென்றார். நான் போட்ட கூச்சலில் துப்பிவிட்டு, பைத்தியத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே போனார். 'பூவை வாயில் வைக்காதீர்கள்' என்று ஒரு போர்டு வைக்கலாம் என்று அன்றைக்கே முதலாளியிடம் கேட்டேன். ரோஜா இதழைச் சர்க்கரையில் ஊறவைத்துக் குல்கந்து செய்கிற வீடுகள் ஆம்பூர், வாணியம்பாடி முழுக்க இருக்கின்றனவே என்று வாதாடினேன். அந்த போர்டு இன்று கடை வாசலில் இருக்கிறது, ஆனால் அதை வைக்கச் செய்தது என் வாதம் இல்லை. அன்றைக்கு அவர் ஹோஸ் பைப்பைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "ஏம்மா காலேஜு, செடிக் கடையில விஷம்னு எழுதி வெச்சா எவன் உள்ள வருவான்? ரோஜாவ மாடுதான் திங்கும், மனுஷன் தலையில வெப்பான்."

போட்டோ

ஷாஹீனா அக்கா வந்த நாளில் எனக்குப் பரீட்சை, நான் கடையில் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் யாரையோ பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற வழியில் வாங்கிப் போயிருக்கிறார். பிறகு, கடையில் வாங்கிய என் நம்பருக்கு வாட்ஸப்பில் சந்தேகம் கேட்பார், நான் பதில் போடுவேன். பூவைச் சாப்பிடுகிற பேச்சு ஒருமுறைகூட வரவில்லை. எரு அனுப்பச் சொல்லி வீட்டு லொகேஷன்கூட அனுப்பியிருந்தார். ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மொட்டை மாடிச் சுவரில், வெயிலில், ஓர் ஊறுகாய் பாட்டில். ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு சர்க்கரை. இதழ்கள் ஊறி பாட்டில் முழுக்க இருட்டுச் சிவப்பு. கீழே எழுதியிருந்தது: "உங்க பூவுல குல்கந்து. பெருநாளைக்குப் பிள்ளைங்களுக்கு."

'சாப்பிடாதீங்க அக்கா' என்று அடித்தேன். ஒற்றை டிக். கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். முதலாளியிடம் ஓடிப் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா, சாப்பிடலாமான்னு கேட்டாங்க. தாராளமான்னேன்" என்றார். "எப்படிண்ணா சொன்னீங்க?" என்று கத்தினேன். அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "வாங்க வந்தவங்க கிட்ட வேற இன்னான்னு சொல்றது?"

சிவந்த வாய்

ஆம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எத்தனை நாள் முன்னால் குருணை போட்டது, இதழில் எவ்வளவு மிச்சம் இருக்கும், எவ்வளவு இருந்தால் ஒரு குழந்தைக்கு ஆபத்து? இத்தனை படித்தும் ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. ஆபத்து இல்லாமலும் இருக்கலாம் என்று மனசில் ஒருத்தி வாதாடினாள். இருக்கலாம் என்பதை நம்பிக் குழந்தைக்கு ஊட்டுவாயா என்று இன்னொருத்தி கேட்டாள். பள்ளிகொண்டா தாண்டும்போது மறுபடி கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மாதனூரில் பஸ் நின்று, டிரைவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

லொகேஷன் காட்டிய சந்தில் ஷேர் ஆட்டோ நுழையாது. ஓடினேன். பச்சைக் கதவைத் தட்டினால் ஐந்து வயசு இருக்கிற ஒரு பெண் குழந்தை திறந்தாள். வாயெல்லாம் சிவப்பு. விரலெல்லாம் சிவப்பு. "துப்பு! துப்புடீ!" என்று அலறி அவள் தாடையைப் பிடித்துவிட்டேன். குழந்தை "அம்மீ!" என்று வீறிட்டு, என் சுடிதார் மேலேயே துப்பினாள். உள்ளேயிருந்து ஓடி வந்த ஷாஹீனா அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "யாருமா நீ? ரோஸ் சிரப் பால் குடிச்சிட்டிருந்த பிள்ளைய எதுக்கு இப்டி மிரட்டற?"

யார் என்று சொன்னேன். பாட்டில் எங்கே என்றேன். தண்ணீர் டேங்க் மேலே, குழந்தைக்கு எட்டாத இடத்தில். குழந்தை செடியில் பூப் பறித்துத் தின்றாளா? "முள்ளுக்குப் பயந்து கிட்டயே போவாது." நீங்கள் கிளறும்போது நக்கிப் பார்த்தீர்களா? அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நோன்பு வாயோட எவளாவது ஸ்பூன நக்குவாளா? இன்னா கேள்வி கேக்கற நீ!" நான் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். பிறகு குருணையைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். போன் ஏன் ஸ்விட்ச் ஆஃப் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அது சார்ஜ் இல்லாமல் ஜன்னலில் கிடந்தது. அக்கா குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் அவர் கிட்ட கேட்டுத்தானே வாங்கினேன்?"

ருசி

மறுநாள் மதியம், கடையில் கூட்டம். பர்தாவுக்குள்ளிருந்து அந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார் ஷாஹீனா அக்கா. மூடியைத் திறந்ததும் வாசனை கடை முழுக்க ஏறியது. கறுப்பு ரோஜாவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "வாங்கம்மா, வாங்க" என்று முதலாளி எழுந்தார்.

"உங்க பூவுல செஞ்சது அண்ணே. ருசி பாருங்க."

"நோன்பு நேரத்துல எதுக்கும்மா இதெல்லாம்..."

"நோன்பு எனக்கு. உங்களுக்கு இல்லியே?" கைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து, நிறைய அள்ளி, அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "தாராளமா சாப்பிடலாம்னு நீங்க சொன்னீங்க. வாய்லயே வெக்கக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு பஸ் ஏறி ஓடியாந்து சொல்லுது. பெருநாளைக்கு இத என் பிள்ளைக்குக் குடுக்கறதா, குழி தோண்டிப் புதைக்கறதான்னு எனக்குத் தெரியணும். ஜாஸ்தி வேணாம், ஒரே ஒரு ஸ்பூன்."

முதலாளி என்னைப் பார்த்தார். ஸ்பூனைப் பார்த்தார். பூவை முகர்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் மெதுவாக மூக்கை எடுத்துக்கொண்டதையும் பார்த்தார். ஸ்பூன் நீட்டியபடியே இருந்தது, அதன் நுனியிலிருந்து பாகு ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. இந்த மண்ணில் ரோஜா வளர்ப்பதைப் பற்றி இத்தனை நாளாக நான் வைத்த அத்தனை வாதங்களுக்கும் சேர்த்து, எங்கள் முதலாளி கடைசியில் சொன்ன ஒரே பதில்: "எனக்கு சுகர் இருக்கும்மா."