மிதித்த பாத்தி

காலையில் மரக்காணம் பஸ்சில் பக்கத்து சீட்காரரின் ஷூவிலிருந்து பாலிஷ் வாசனை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்பா யுத்தத்தில் குதிகாலில் குண்டு வாங்கித் திரும்பியவர். அந்தக் காலை இழுத்து இழுத்தே உப்பளத்தில் உழைத்து மகள்கள் எங்கள் மூவரையும் கரையேற்றினார். தை மாதம் பாத்தியில் தண்ணீர் விட்டு, சேற்றை அடி மேல் அடி வைத்து வெறுங்காலால் நாங்களும் அவரோடு மிதிப்போம். பொத் பொத்தென்ற சத்தத்துக்கு நடுவே அவர் கால் மட்டும் சர்ரென்று இழுபடும். தரை கல்லாக இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும் என்பதால் செருப்போடு அங்கே யாரும் இறங்கமாட்டார்கள். முதலாளி இறங்கினார், பளபளக்கும் ஷூவோடு, இருபது நாள் மிதித்த பாத்தியின் குறுக்கே.

"இன்னொரு வாட்டி மிதிப்பா, மிலிட்டரி காலுதான?" என்று சிரித்தார்.

அப்பா முதலிலிருந்து மிதித்தார்.

இன்று அந்த உப்பளம் முழுக்க பிளாட் கற்கள். போன சித்திரையில், எண்பத்தேழு வயதில் அப்பா போனபோது, அதே முதலாளி தடியூன்றி மாலையோடு வந்தார். காலில் ஷூ. தெருமுனையிலேயே மறித்தேன்.

"இங்கயே கழட்டிட்டு வாங்க, மொதலாளி."

உச்சி வெயில். தார் ரோடு கொதித்தது. அவர் பாதங்களைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் மெதுவாக, மிக மெதுவாக நடந்தேன். அப்பா இருந்திருந்தால், "வயசானவரு, விட்டுடும்மா" என்றிருப்பார்.

அப்பாதான் இல்லையே.