லென்ஸக்காவும் லிப்ட் பக்கமும்

எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் குடியிருப்பவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் அவளுக்கு வேலை. வட்டமாக வந்து இறங்கும் லென்ஸை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த பிரேமின் வடிவத்துக்கு மெஷினில் தேய்த்து, பிசிறு நீக்கி, உள்ளே உட்கார வைக்க வேண்டும். மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் நிற்காது. காலையில் போனால் சாயங்காலம்வரை அந்த ஜன்னலில்லாத அறையில், தண்ணீர் தெறிக்கும் மெஷினோடு குடித்தனம். கடையின் முன்பக்கம் நடப்பதெல்லாம் திரைச்சீலையைத் தாண்டிக் காதில் விழுவதோடு சரி.

அப்படிக் காதில் விழுந்த ஒரு சண்டையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"உங்க வெப்சைட்டப் பாத்துட்டு வந்தா அங்க பெயின்ட் விக்கிறாங்க. இந்த வெயில்ல தெருத்தெருவா சுத்திட்டு வரேன்" என்று ஒரு பெண்மணி முதலாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடை இடம் மாறி வெகுநாள் ஆகியிருந்தது. வெப்சைட்டில் மட்டும் பழைய முகவரியே உட்கார்ந்திருந்தது. முதலாளி மன்னிப்புக் கேட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார்.

அவர் போனதும் அக்கா திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "ஒரு அட்ரஸ்தானே சார்? மாத்த முடியாதா?"

"செஞ்சு குடுத்தவன் போனையே எடுக்க மாட்டேங்கிறான்மா. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க வரணும். நமக்கு என்ன தெரியும்?"

முதலாளி நல்ல மனிதர்தான். தன்னையும் சேர்த்துத்தான் 'நமக்கு' என்றார். ஆனாலும் அந்த வார்த்தை அக்காவுக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டாள். மகள் கல்லூரியில் தாவரவியல் படிப்பவள்.

"இலையப் பத்திக் கேளும்மா, சொல்றேன். இதெல்லாம் எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, தான் ஒதுக்கி வைத்திருந்த பழைய லேப்டாப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு எழுத்தின் மூடி கழன்று போயிருந்தது. அடியிலிருந்த ரப்பர் மொட்டை நகத்தால் அழுத்தினால் எழுத்து விழும்.

கடைக்குப் போகிற பஸ்ஸில் அக்கா போனில் பாடம் கேட்க ஆரம்பித்தாள். பாடம் நடத்தியவர் ரயில் வேகத்தில் பேசினார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், குடித்துவிட்டு வந்து அறிவுரை சொல்கிறவர் மாதிரி இழுத்தார். ஆனாலும் புரிந்தது. ஒரு நாள் பாடத்தில், எந்த வெப்சைட்டின் உள்பக்கத்தையும் யாரும் திறந்து பார்க்கலாம் என்று சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைச் செய்து பார்த்தாள். படமும் வண்ணமுமாக மின்னிய பக்கத்தின் பின்னால் வெறும் எழுத்துகள், வரிவரியாக.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. எல்லாம் யாரோ உக்காந்து எழுதினதுதான்" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். முகம் கழுவிக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்து பார்த்தார். "பானெட்டத் தொறந்த மாதிரி இருக்கு. பாத்து, எதையாவது கழட்டிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாம முழிக்காத."

அவர் வாய் முகூர்த்தம், அதுதான் நடந்தது. அக்கா எழுதிய முதல் பக்கத்தில் தலைப்பு மட்டும் பெரிய எழுத்தில் வர வேண்டும். கடைசி வரிவரை எல்லாமே பெரிதாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது பொறி தட்டியது. தலைப்பு இங்கே தொடங்குகிறது என்று எழுதியவள், இங்கே முடிகிறது என்று எழுதவே இல்லை. வாயில் நுரையோடு ஓடிவந்து அந்தக் குறியைச் சேர்த்தாள். பக்கம் ஒழுங்காகிவிட்டது. அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போனாள். முதலாளி ஏன் என்று கேட்டதற்கு, "கதவ மூட மறந்துட்டேன் சார்" என்றாளாம்.

பழகுவதற்கு ஒரு விஷயம் வேண்டும் அல்லவா? எங்கள் கட்டடத்து லிப்ட் கிடைத்தது.

எங்கள் லிப்டுக்கு மூட் உண்டு. ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் படுக்கும். வெளியே போனவர்கள் சாமான் வாங்கும் முன் வீட்டுக்குப் போன் செய்து "லிப்ட் ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உருளைக்கிழங்கு எடை போடச் சொல்வார்கள். அக்கா ஒரே ஒரு பக்கம் செய்தாள். அதில் ஒரே ஒரு வரி: லிப்ட் ஓடுது. அல்லது, லிப்ட் ஓடல. காலையில் வேலைக்குப் போகும்போதும் சாயங்காலம் வரும்போதும் பார்த்து மாற்றிவிடுவாள். அதன் லிங்க்கை எல்லோர் போனுக்கும் அனுப்பினாள். முதலில் சிரித்தோம். அப்புறம், சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி, அதைப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது.

ஐந்தாம் மாடியில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்காரர். ஒரு சாயங்காலம் அக்கா வேலை முடிந்து படியேறி வரும்போது, மூன்றாம் மாடிப் படியில் அவர் இரண்டு பைகளோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பெரியம்மா, இங்க உக்காந்துட்டீங்க?"

"விடிகாலைல வெளிய போனப்ப ஓடிச்சு. வரும்போது உன் பக்கத்துல ஓடுதுன்னு போட்டிருந்த மாதிரி தெரிஞ்சுது. நம்பி ரெண்டு பை நிறைய வாங்கிட்டேன். கீழ வந்து பாத்தா அது வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. காலையில் லிப்ட் நின்றிருந்ததை அவள் பார்த்தாள், மாற்றியும் எழுதினாள். ஆனால் எழுதியது அவள் லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரியும்படி இணையத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும், அவசரத்தில் அதை மறந்துவிட்டாள். பைகளைத் தூக்கிக்கொண்டு, பெரியம்மாவைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போனாள். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனாள்.

"சும்மா இரு. லிப்ட் நின்னதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்ற பெரியம்மா, கதவைத் திறந்து உட்கார்ந்த பிறகு சொன்னார்: "ஆனா ஒண்ணு. நீ சரியா மாத்தியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஓடுது, ஓடல ரெண்டும் என் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியுது. என்ன கலர் அது, கழனித் தண்ணி மாதிரி?"

அக்கா அவர் போனை வாங்கித் தன் பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து, மெல்லிசாக, ஊசி நுனியில் எழுதினது மாதிரி. அழகான வெப்சைட்டுகளில் எல்லாம் அப்படி இருக்கிறதே என்று பார்த்துப் போட்டது. எழுத்து தெரியவில்லை என்று வருகிறவர்களுக்காகவே பகலெல்லாம் லென்ஸ் தேய்ப்பவள் அவள். சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மாவும் என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரம் பக்கத்தை அடியோடு மாற்றினாள். திரை முழுக்க ஒரே சொல், கட்டை எழுத்தில். ஓடினால் பச்சையில் அம்புக்குறி, ஓடாவிட்டால் சிவப்பில் படிக்கட்டுப் படம். நிறம் தெரியாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். செய்து செய்து பெரியம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டுவாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் தடிமனா" என்பார். அக்கா மறுபடியும் படியிறங்கிப் போவாள்.

ஆனால் பகலில் அவள் கடையில் இருக்கும்போது லிப்ட் நின்றால் யார் மாற்றுவது? கட்டடத்தில் இருக்கிற யாருமே மாற்றும்படி ஒரு பொத்தான் வைத்துவிட்டால் தீர்ந்தது. பொத்தான் வரைவது சுலபம். அதை அழுத்தினால் வேலை நடக்க வேண்டுமே, அதற்குக் கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் நிரல் எழுதக் கற்க வேண்டும். அதுவரை படித்ததெல்லாம் கோலத்துக்கு வைத்த புள்ளிதான், இனிமேல்தான் கோடே இழுக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மழைக்காலம் முழுக்க அதில் போயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் மேஜையைத் துடைத்துவிட்டு, ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாகப் பாடம் கேட்டாள். புரியாதபோது கணவரிடம் சொல்லிப் பார்ப்பாள். அவருக்கும் புரியாது. ஆனால் அவருக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது இவளுக்குப் புரிந்துவிடும். "நான் தலையாட்டினதுலயே பாதிப் படிப்பு முடிஞ்சுது" என்று அவர் எங்களிடம் இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்கிறார்.

பொத்தான் வந்தது. கூடவே வம்பும் வந்தது. ஒரு நாள் காலையிலிருந்து பக்கம் 'ஓடல' என்றே காட்டியது. நாங்கள் எல்லோரும் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். பார்த்தால் லிப்ட் ஜம்மென்று மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிக்காரர்கள் அன்று பழைய பீரோவைக் கொடுத்துவிட்டுப் புதுக் கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் குறுக்கே வராமல் இருக்கப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள்.

"நாங்களும் ஓடலன்னுதான் நெனச்சோம்" என்று மூன்றாம் மாடி அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு லிப்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

அக்கா அவரோடு சண்டைக்குப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி லிங்க் அனுப்பி, யார் அழுத்தினாலும் அவர்களது மாடி எண்ணும் நேரமும் சொல்லுக்குக் கீழே வரும்படி செய்துவிட்டாள். அதோடு கட்டடமே யோக்கியமாகிவிட்டது.

இதற்குப் பிறகுதான் அவள் முதலாளியிடம் போய், "கடை வெப்சைட்ட நான் செஞ்சு பாக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். லிப்ட் பக்கத்தையும் காட்டினாள்.

முதலாளி அதை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கும் கண்ணாடிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நீங்க சரின்னு சொன்னா சம்பந்தம் வந்துடும் சார்."

"சரி, செய்யுங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

பழைய வெப்சைட்டின் சாவி, அதாவது பாஸ்வேர்டு, போனை எடுக்காத அந்த ஆளிடம் இருந்தது. அக்கா, இணையத்தில் வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்கு விடும் கம்பெனிக்கு முதலாளி பெயரில் எழுதி, அவர்கள் கேட்ட அத்தாட்சியெல்லாம் அனுப்பி, விடாக்கண்டனாக நின்று சாவியை வாங்கினாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினாள். மகள் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து பிரேம்களைப் படமெடுத்துக் கொடுத்தாள். இலையைப் படமெடுத்துப் பழகிய கை அல்லவா, ஒவ்வொரு பிரேமையும் நரம்பு தெரிகிற மாதிரி எடுத்திருந்தாள்.

தயாரானதும் முதலாளி முன்னால் லேப்டாப்பை வைத்தாள். கடைப் பெயர், புது முகவரி, எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும். எல்லாம் பளிச்சென்று பெரிய எழுத்தில் இருந்தது.

"எழுத்து ரொம்பப் பெருசா இல்ல? மத்த கடைங்கள்ல இப்படி இல்லையே."

"சார், நம்ம கடையத் தேடுறது யாரு? கண்ணாடி ஒடஞ்சவங்க, தொலைச்சவங்க, பவர் மாறினவங்க. அவங்க கண்ணாடி இல்லாமதானே இதப் பாக்கணும்."

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கண்ணை இடுக்காமல், மேலிருந்து கீழ்வரை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். போன் எண்ணை இரண்டு தடவை படித்தார்.

"பிடிச்சிருக்கு" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நமக்குத் தெரியாதுன்னு சொன்னேன் இல்ல?" என்றார்.

அக்கா பின்னறைக்குப் போய் மெஷினைப் போட்டாள். அன்றைக்கு முழுக்க லென்ஸெல்லாம் முதல் தடவையிலேயே பிரேமில் உட்கார்ந்தன என்று எங்களிடம் சொன்னாள். அதெல்லாம் மனசு நிறைந்திருந்தால் தோன்றுவது. நாங்களும் நம்பிவிட்டோம்.

கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் கண் டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தன் ஆஸ்பத்திரிக்கும் ஒன்று வேண்டும் என்றார். அதைப் பார்த்து காது மெஷின் விற்பவர் வந்தார். அப்புறம் வெப்சைட் செய்கிற ஒரு கம்பெனியே கூப்பிட்டு, முழுநேரமாக வரச் சொன்னது. அக்கா ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போய்ப் பார்த்தாள். கண்ணாடிச் சுவரும் குளிர்காற்றுமாக நல்ல இடம், நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். திரும்பி வந்து கணவரிடம் சொன்னாள்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலம் வரைக்கும் கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணுமே இல்லங்க. எனக்கு லென்ஸும் வேணும்."

"அப்ப ரெண்டையும் கேளு. கேட்டா என்ன, வாயா தேஞ்சுடும்?"

கேட்டாள். முதலாளி, இவள் மொத்தமாகப் போய்விடுவாளோ என்று அதற்கு முன்பே பயந்து கிடந்தவர், உடனே சம்மதித்தார். இப்போது காலையில் பின்னறையில் லென்ஸ், மத்தியானத்துக்கு மேல் கடை முன்பக்கத்தில் தெருவைப் பார்த்த ஒரு மேஜையில் வெப்சைட் வேலை. கம்பெனிக்காரர்களும், பார்வை மங்கியவர்களுக்கான பக்கம் என்றால் அவளிடம்தான் அனுப்புகிறார்கள். சில பக்கங்களை இன்னும் ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறாள். பெரியம்மா இப்போதெல்லாம் கண்டிப்பான பரீட்சை அதிகாரி ஆகிவிட்டார். "தேறாது, மறுபடி எழுதிட்டு வா" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்தது கணவர்தான். ஓட்டுநர்களில் யாருக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்று காட்டும் பக்கம் ஒன்று வேண்டுமாம். அக்காவிடம் கேட்டிருக்கிறார். நீங்களே கத்துக்குங்க என்று சொல்லிவிட்டாளாம். மறுபடி மேஜை முன் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்த கையால் ஒற்றை விரலில் தட்ட ஆரம்பித்தார்.

"அக்கா எங்க மாமா?" என்றேன்.

"தூங்குறா. எழுப்பினா, எங்க தப்புன்னு நீங்களே தேடுங்கன்னு சொல்லுவா" என்றார் மெல்லிய குரலில். பிறகு, நான் நிற்பதையே மறந்து, திரையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். அங்கே அவர் பெயரும் வண்டி எண்ணும் பட்டை பட்டையாக, தெருக்கோடியிலிருந்து படிக்கலாம் போல வந்திருந்தன.